தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது

கதிர்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா ஏம்மா சாப்பிடாம போனாரு? மாலதி வீட்டு ஆளுங்க முன்னாடி எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டாய். "உடம்புக்கு முடியலப்பா" என்றேன். நீ நம்பவில்லை. உன் குரலிலேயே தெரிந்தது. புது வீட்டில் பால் பொங்கி, சாமி கும்பிட்டு, எல்லாரும் இலை முன்னால் உட்காரும் நேரத்தில் பெற்ற அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் கசக்காது? சம்பந்தி வீட்டார் ஏதாவது சொல்லிவிட்டார்களா, தன்னைக் கேட்காமல் வீடு வாங்கியதில் கோபமா என்று நீ என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பாய். அதெல்லாம் ஒன்றும் இல்லை ஐயா. காரணம் வேறு. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, பாத்துக்கலாம்லா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலதியையும் படிக்கச் சொல்.

அப்பாவின் கால் போன அந்தத் தீபாவளிக்கு நீ சிங்கப்பூரில் இருந்தாய். லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் வந்தது, அப்பா அதில் நின்றார், சீனி வியாதி உள்ள உடம்பு, புண் புரையோடி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் உனக்குத் தெரிந்தது. நீ வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, எல்லாம் ஓய்ந்திருந்தது. நடுவில் நடந்ததை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. உன்னிடம் சொல்லவும் வேளை வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

ஜெலாப்பாங்கில் நம் வீடு வரிசையில் கடைசி வீடு, உனக்குத் தெரியும். கோடி வீடு என்றால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் கிடைக்கும், காற்று வரும் என்று ஆசைப்பட்டு வாங்கினோம். அந்த வரிசையே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது, நாம் பள்ளத்தின் முனையில் இருக்கிறோம் என்பதைச் சைக்கிள் விடும் பிள்ளைகள் மட்டும்தான் கவனித்திருப்பார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பின் பாத்ரூமில் கரப்பான் பூச்சிகள் ஏறி வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு இல்லை. தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைத் தள்ளிக்கொண்டு, எதற்கோ பயந்து ஓடி வருவதுபோல் வந்தன. மருந்து அடித்தேன். பிறகு டாய்லெட் கோப்பையில் தண்ணீர் தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது. யாரும் உள்ளே இல்லை, யாரும் பம்ப் இழுத்துத் தண்ணீர் விடவில்லை, ஆனால் தொண்டைக்குள் கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம். மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி துவைக்கும் நேரத்தில் அது அதிகமாகக் கேட்கும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "காத்துலா. பைப்புக்குள்ள காத்து புகுந்தா அப்படித்தான் கத்தும். தீபாவளி முடியட்டும், ஆளக் கூப்பிடுறேன்" என்றார். எனக்கும் பலகாரம் சுடும் வேலை இருந்தது.

தீபாவளிக் காலையில் ஒரு தாமானில், ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் குடியிருப்பில், என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். எல்லா வீட்டிலும் எண்ணெய்க் குளியல். எல்லா வீட்டிலும் ஆட்டிறைச்சி வேகிறது, முறுக்குச் சட்டி கழுவப்படுகிறது, மிஞ்சின எண்ணெய் சிங்க்கில் ஊற்றப்படுகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே பைப்புக்குள் இறங்குகிறது. நம் வீட்டைத் தாண்டி, சாலைக்கு அடியில், அந்தப் பைப் அடைத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் வீட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கின தண்ணீருக்குப் போக வழியில்லாமல், கடைசி வீட்டில் எந்த ஓட்டை தாழ்வாக இருக்கிறதோ அந்த வழியாக ஏறியது. நான் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது வாடை. திரும்பிப் பார்த்தால் சமையலறைத் தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு மெதுவாக நகர்ந்து வருகிறது. சீயக்காய் நுரை, எண்ணெய்ப் படலம், அதோடு வேறு என்னவெல்லாமோ. மழை வெள்ளமாக இருந்தால் ஓடி வந்திருக்கும். இது ஓடவில்லை. வீடு தனக்குத்தான் என்று தெரிந்துகொண்டதுபோல் நிதானமாக வந்தது.

அப்பா புது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். கையில் கிடைத்த துண்டுகளையெல்லாம் அந்தத் தரை ஓட்டையில் திணித்து, அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றார். "நீ போயி மேல வீட்டுக்காரங்ககிட்ட தண்ணி தொறக்க வேணாம்னு சொல்லு! சாமான மேல தூக்கு!" என்று கத்தினார். நான் தெருவில் ஓடினேன். தீபாவளி வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்று நினைத்து ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தண்ணிய மூடுங்க, எங்க வீட்டுக்குள்ள வருது" என்று சொல்லும்போது எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தது. திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில்தான் நின்றார். துண்டைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றிக் கொப்பளித்தது. "கால எடுங்க, போதும்" என்றேன். "எடுத்தா இன்னும் வேகமா வரும்" என்றார். அவர் காலடியில் இருந்த ஓட்டை மூடி உடைந்திருந்தது. அந்த உடைந்த விளிம்பு பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. பல வருஷமாகவே அவர் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலே தெரியாத கால் அது.

விடுமுறை நாள், ஆள் வந்து சேர மாலையாகிவிட்டது. சாலை மேன்ஹோலைத் திறந்து, உறைந்து கல்லாகிப்போன கொழுப்பை வாளி வாளியாக வெளியே இழுத்தார்கள். வெள்ளையாக, மெழுகுபோல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் வெகுநாள் இறைச்சி சமைக்கவில்லை. வீட்டுக்குள் சோபா, கட்டில் மெத்தை, அலமாரியின் அடித்தட்டு, அரிசி, உன் பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் போயிற்று. துடைத்து வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது அப்படிப்பட்ட தண்ணீர். பக்கத்து வீட்டுக் குணா அண்ணன்தான் சாமான்களைத் தூக்கி வெளியே போட உதவினார். போட்டுவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இன்சூரன்ஸ் இருக்குல்ல? ஆள் வந்து கேட்டா வாசப்பக்கமா வந்துச்சுன்னு சொல்லுங்க. காலைல தூறல் போட்டுச்சு. வெள்ளம்னா குடுப்பான். கக்கூஸ் வழியா வந்துச்சுன்னு சொன்னா குடுக்க மாட்டான்லா."

நமக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வீட்டுக் கடனுக்காக பேங்க் போட்டது ஒன்று. அது கட்டடத்துக்கு, அதுவும் தீப்பிடித்தால். அது போதாது என்று சாமான்களுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து அப்பா தனியாக ஒன்று எடுத்திருந்தார். வருஷா வருஷம் தவறாமல் கட்டினார். எல்லாம் இருக்கிறது என்ற நிம்மதியில்தான் நாங்கள் அந்தத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சீனப் பெண் வந்தாள். சின்ன வயது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு எல்லா அறைக்கும் போய்ப் படம் பிடித்தாள். நல்ல பெண். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அங்கிள், ஆயர் மாசோக் டாரி மனா?" என்றாள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று அவ்வளவுதான் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "டாரி டெப்பான்" என்றார். முன்பக்கமிருந்து. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையை ஆட்டினாள், நன்றி சொன்னாள், வெளியே போய்ச் சப்பாத்து மாட்டிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. மெத்தை வாங்கலாம், அலமாரி வாங்கலாம் என்று மனம் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது அப்பா எழுந்து கேட் வரைக்கும் போனார். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். "மிஸ், கொஞ்சம் நில்லுங்க" என்று மலாயில் கூப்பிட்டார். "முன்பக்கம் இல்ல. பாத்ரூம்லேருந்து வந்துச்சு."

அந்தப் பெண் மூக்கிலிருந்த துணியைக் கழற்றினாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பைப் வெடித்தால் உண்டு. ஆறோ சாலையோர லோங்காங் சாக்கடையோ நிரம்பி வெளியிலிருந்து வந்தால் உண்டு. கழிவுப் பைப் திரும்பி வீட்டுக்குள் ஏறினால் இந்தப் பாலிசியில் இல்லை. அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். சில கம்பெனி கொடுக்கும், சில கம்பெனி கொடுக்காது. "யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள். நடந்த பிறகுதான் கேப்பாங்க" என்றாள். போகும்போது அப்பாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். ஏன் சொன்னீங்க என்று நான் கேட்டேன். "செவுத்தப் பாரு" என்றார். பாத்ரூம் பக்கம் சுவரில் அழுக்குக் கோடு உயரமாக இருந்தது. வாசலுக்கு வர வரத் தாழ்ந்து, கூடத்தோடு மறைந்துவிட்டது. "அந்தப் பொண்ணு நம்ம பேச்ச நம்பிக் கையெழுத்துப் போடும். நாளைக்கு எவனாச்சும் படத்தப் பாத்தா அது வேல போயிரும்லா. நம்ம கதிரு வயசுதான் இருக்கும்" என்றார்.

பணம் வரவில்லை என்பதை நாங்கள் தாங்கிக்கொண்டோம். ஆனால் அந்த நாட்களில் வீடு முழுக்க அந்த வாடைதான். எத்தனை குளோராக்ஸ் ஊற்றினாலும் போகவில்லை. சுவருக்குள் புகுந்துகொண்டதோ என்னவோ. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாலும் அதே வாடை, படுத்தாலும் அதே வாடை. வீட்டின் வாடை என்றே நினைத்தேன் ஐயா. அவரும் அப்படித்தான் நினைத்தார். வலி இல்லை, அதனால் குனிந்து பார்க்கவில்லை. காய்ச்சல் வந்து நடுங்கி விழுந்த அன்றைக்குத்தான் சாக்சைக் கழற்றினேன். பாதத்தின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. வாடை வீட்டிலிருந்து வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கால் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று என்னைக் கேட்டார்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு உன் வீட்டில் எவ்வளவு பேர்! மேலே ஒரு குளியலறையில் மாலதியின் தங்கைகள், பின்னால் பாத்திரம் கழுவுகிறவர்கள், பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிறார்கள். அப்பாவைக் கீழ் அறை வாசலில், பாத்ரூமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாய். கூட்டத்துக்கு நடுவில் அவர் என் சேலையை இழுத்தார். முகம் வெளுத்திருந்தது. "கேளு" என்றார். கேட்டேன். உள்ளே யாரும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தேன். டாய்லெட் கோப்பையில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, நின்று, இறங்கியது. அந்த நேரம் பார்த்து நீ வந்து, "அம்மா, பாத்ரூம் எப்படி, புது டைல்ஸ்மா!" என்றாய். "ஒரு சத்தம் வருதுப்பா" என்றேன். நீ சிரித்தாய். "காத்தும்மா, புதுசா ஆள் வந்த வீடுல்ல" என்றாய். உன் அப்பாவின் அதே குரல். உனக்குப் பின்னால் அவர் சக்கர நாற்காலியைத் திருப்பிவிட்டார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரால் ஒரு வாய் சோறு விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் கதிர் நடந்தது. உன்மேல் கோபம் இல்லை.

மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு அப்பா என்னைக் காரை எடுக்கச் சொன்னார். உன் தாமானைச் சுற்றி வந்தோம். அது முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். மரத்தை அழித்து மட்டமாக்கியிருக்கிறார்கள், ஆனாலும் மண்ணின் சரிவு போகவில்லை. எல்லாச் சாலையும் உன் வீட்டுப் பக்கம்தான் இறங்குகிறது. உன் வீட்டு வாசலில் மேன்ஹோல் மூடியைச் சுற்றிப் புல் கருகி, காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்தார். கக் ரொக்கியா, அதாவது ரொக்கியா அக்கா, என்று பெயர். நல்ல மனுஷி, தேநீர் கொடுத்தார். அப்பாவின் காலைப் பார்த்தார், மேன்ஹோலைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க மகன் விசாரிக்காமலா வாங்கினாரு? முன்ன இருந்தவங்க அதனாலதானே வித்துட்டுப் போனாங்க." பெரிய மழை பெய்தால் கழிவுத் தண்ணீர் உள்ளே ஏறி வருமாம். ஒரு தடவை இல்லை. முன்னால் இருந்தவர்கள் தரை முழுக்க உடைத்து, புது டைல்ஸ் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து விற்றிருக்கிறார்கள். கக் ரொக்கியா தன் வீட்டுக் கீழ் பாத்ரூமைத் திறந்து காட்டினார். மூலையில் ஒரு மணல் மூட்டை. வானம் கறுத்தால் அதைத் தூக்கி டாய்லெட் கோப்பைக்குள் அழுத்தி வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவாராம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும். படித்தவன். இருந்தாலும் சொல்கிறேன். "பேங்க்ல எல்லாம் கவர் ஆயிருச்சும்மா" என்று நீ சொன்னது சரியில்லை. பேங்க் தன் கடனுக்குக் காவல் வைத்திருக்கிறது, உன் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு இல்லை. வீட்டிலிருந்து மேன்ஹோல் வரைக்கும் உள்ள பைப்பைத் தோண்டிப் பார்க்கச் சொல். தண்ணீர் திரும்பி வராமல் அடைக்கும் வால்வு போடச் சொல். சாலைப் பைப் அடைத்திருந்தால் புகார் கொடு, வந்து பார்க்கும் வரை விடாதே. கீழ் அறையைப் பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்ட வைத்திருப்பதாக மாலதி ஆசையாகக் காட்டினாள். அந்த அறையில் இப்போதைக்கு எதையும் வைக்காதீர்கள். உன் கூட்டாளி ஏஜென்ட் சாமான்களுக்குப் பாலிசி போட அடுத்த வாரம் வருகிறான் என்றாயே, அவனிடம் வெள்ளம் உண்டா என்று கேட்காதே, உண்டு என்றுதான் சொல்வான். கழிவுப் பைப் திரும்பி வீட்டுக்குள் ஏறினால் உண்டா என்று கேள். அதைச் சேர்த்துத் தருகிற கம்பெனியாகப் பார். பதிலை எழுத்தில் வாங்கு.

ஆனால் அவனும் உன்னைத் திருப்பி ஒன்று கேட்பான். இந்த வீட்டில் முன்பு இப்படி நடந்திருக்கிறதா என்று. நேற்று வரைக்கும் நீ இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாக இருந்திருக்காது. உனக்குத் தெரியாது. அதைத்தான் நான் அப்பாவிடம் சொன்னேன்: "பாலிசி எடுக்குற வரைக்கும் நம்ம வாயத் தொறக்க வேணாம். எடுத்த பிறகு சொல்லிக்கலாம்." அவர் வெகுநேரம் முழங்காலுக்குக் கீழே இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "நாம சொல்லாம இருக்குறப்ப மழை வந்துருச்சுன்னா? நம்ம மாலதி கீழ இருக்குமே" என்றார். பிறகு, "எழுது" என்றார். இதைப் படித்துவிட்டாய் அல்லவா, இனி உனக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் பாலிசி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் இது மட்டும் கிடையாது என்று அவர்கள் எழுதிவிடலாம். மறைத்து எடுத்தால், பின்னால் தெரிய வரும்போது எல்லாமே கையை விட்டுப் போகும். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தச் சுமையை உன் தலையில் வைத்தது நாங்கள்தான். தெரியாமல் நிம்மதியாக இருக்க விட்டிருக்கலாம், மனம் கேட்கவில்லை.

முடிக்கப் பார்த்தேன், மதியமே இருட்டிக்கொண்டு வருகிறது. மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. உனக்குப் போன் அடித்தேன், மீட்டிங்கில் இருக்கிறாய் போல. மாலதி எடுத்தாள். மாடிக்குப் போய் இரு, கீழே இறங்காதே என்று சொன்னேன். ஏன் அத்தை என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு வர இப்போதே கிளம்புகிறேன். இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், நீ வேலை முடிந்து அங்கே போகாதே, நேராக இங்கே வா. காரை எடுப்பதற்கு முன்னால், அன்றைக்கு வாங்கி வைத்த நம்பரில் கக் ரொக்கியாவுக்குப் போன் போட்டேன். அங்கே பெய்ய ஆரம்பித்துவிட்டதாம். மணல் மூட்டையை வைத்துவிட்டாராம்.

அம்மா